பாஸ்டன் 1721: அம்மை குத்தியதால் இரண்டுபட்ட ஊர் - ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனை என்றால் 1773இல் பாஸ்டனில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதும், 1776இல் பிலடெல்பியாவில் விடுதலை அறிவித்ததும்தான் நம் நினைவுக்கு வரும். அதே பாஸ்டன் நகரத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் நடந்த சண்டை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யார் சொன்னால் நம்புவது, யார் அனுமதி தர வேண்டும், ஆள்வோரையும் போதகர்களையும் அச்சில் கிண்டல் செய்யலாமா என்ற மூன்று கேள்விகளும் அந்த ஊரில் ஒரே ஆண்டில் எழுந்தன. பெரியம்மையை முன்னிட்டு எழுந்தவை என்பதால் பதிலுக்குக் காத்திருக்க யாருக்கும் அவகாசம் இல்லை.

பதிவில் பேர் தெளிவாக உள்ள பொது மனிதர்களை மட்டும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பெயரின்றியே வருகிறார்கள். தேதிகள் எல்லாம் அன்று ஆங்கிலேயர் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி.

பின்னணி

1721இல் பாஸ்டனில் ஏறக்குறைய 11,000 பேர் இருந்தார்கள். வட அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அதுவே பெரிய ஊர். கப்பலும் கடல் வாணிகமும்தான் பிழைப்பு. அதனால் வெளியூர்ச் சரக்கோடு வெளியூர் நோயும் வந்து இறங்கும்.

பெரியம்மை அங்கே எப்போதும் இருந்த நோய் அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலில் வரும், ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கிவிடும். கடைசியாக வந்தது 1702இல். அப்படியானால் 1721இல் 19 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் உடம்பில் எதிர்ப்பு கிடையாது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களில் பலருக்கும் கிடையாது. பாதி ஊர் காய்ந்த வைக்கோலாகக் கிடந்தது என்று சொல்லலாம்.

அரசியல் நிலையும் சரியாக இல்லை. பியூரிட்டன்கள் (அந்த ஊரை நிறுவிய கண்டிப்பான புரொட்டஸ்டன்ட் கிறித்தவர்கள்) தாங்களே ஆண்டுகொள்ள வழிசெய்த பழைய சாசனம் 1684இல் ரத்தானது. 1691இல் வந்த புதிய சாசனப்படி ஆளுநரை அரசரே நியமித்தார். திருச்சபையில் உறுப்பினராக இருப்பவருக்கே ஓட்டு என்ற பழைய விதி போய், சொத்து இருந்தால் ஓட்டு என்றானது. ஒரு காலத்தில் போதகர் சொல் ஊரின் கடைசிச் சொல்லாக இருந்தது. இப்போது அது பல சொற்களில் ஒன்றாகத் தேய்ந்துகொண்டிருந்தது. ஆளுநர் சாமுவேல் ஷூட்டுக்கும் மக்கள் பிரதிநிதிகள் அவைக்கும் இடையே ஓயாத இழுபறி. ஆக, யார் பேச்சைக் கேட்பது என்பது நோய் வருவதற்கு முன்பே முடிவாகாத கேள்வியாக இருந்தது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஏப்ரல் 22 அன்று மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீஹார்ஸ் என்ற அரசுக் கடற்படைக் கப்பல் வந்து சேர்ந்தது. துறைமுகத்துக்கு வெளியே ஸ்பெக்டகிள் தீவில் நோயாளிகளைத் தனியே வைக்க ஒரு விடுதி இருந்தும், நோய் கரையேறிவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் ஊருக்குள் சிலர் படுத்தார்கள். ஊராட்சிக் குழுவினர் வழக்கமான ஏற்பாடுகளைச் செய்தார்கள். நோய் கண்ட வீட்டு வாசலில் காவலாளி நின்றார், சிவப்புக் கொடி தொங்கியது. 'கடவுளே, இந்த வீட்டின் மேல் இரங்கும்' என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது.

இது மோசமான ஏற்பாடு அல்ல. ஒன்றிரண்டு வீடுகளோடு நின்றிருந்தால் பலித்தும் இருக்கும். ஆனால் ஜூன் பாதிக்கு மேல் நோய் கண்ட வீடுகள் பெருகிவிட்டன, வாசலுக்கு ஒரு காவலாளி என்பது நடக்காத காரியமானது. காவலை எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 1,000 பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள். தனிமைப்படுத்தல் தோற்ற இந்த நாட்களில்தான் அடுத்த யோசனை வந்தது.

அடிமை சொன்ன செய்தி

யோசனையைக் கொண்டுவந்தவர் போதகர் காட்டன் மேதர். வயது 58. ஊரில் அதிகம் படித்தவர்களில் ஒருவர், அதிகம் எழுதியவர், அதிகம் வெறுக்கப்பட்டவரும்கூட. 1692இல் பாஸ்டனுக்கு அருகே சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் நீதிபதிகளுக்கு ஆதரவாக எழுதியவர் என்ற கறை அவரை விடவில்லை. 1713இல் தட்டம்மை வந்தபோது மனைவியையும், அப்போதுதான் பிறந்த இரட்டைக் குழந்தைகளையும், இரண்டு வயது மகளையும் சில நாட்களுக்குள் பறிகொடுத்தவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவர் 1721இல் செய்ததை எடைபோட முடியாது.

(நமக்கு ஒரு சிறு தொடர்பும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திய திருப்பணியைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே கடிதம் எழுதியவர் இதே மேதர். உலகத்தின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று கடிதம் போட்டு விசாரிக்கிற ஆசாமி. அம்மை விஷயத்திலும் அந்தக் குணம்தான் உதவியது.)

1706இல் அவருடைய சபையார் அவருக்கு ஓர் ஆப்பிரிக்க அடிமையை வாங்கிப் பரிசளித்தார்கள். வேதாகமத்தில் வரும் ஓர் அடிமையின் பெயரையே எடுத்து மேதர் அவருக்கு ஒனேசிமஸ் என்று பெயர் வைத்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் பதிவில் இல்லை. ஒருநாள் மேதர் அவரிடம், உனக்குப் பெரியம்மை வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம் என்று பதில் வந்தது. ஊரில் இருந்தபோது கையில் கீறி, அம்மை கண்டவரின் கொப்புளச் சீழில் ஒரு துளி வைத்தார்கள், கொஞ்சம் காய்ச்சல் வந்து போனது, அதற்குப் பிறகு அந்த நோய் அண்டாது என்றார். கையில் இருந்த தழும்பையும் காட்டினார்.

மேதர் அதோடு விடவில்லை. பாஸ்டனில் இருந்த வேறு ஆப்பிரிக்கர்களையும் விசாரித்தார். பலரும் அதே கதையைத்தான் சொன்னார்கள். பிறகு லண்டனில் இருந்த அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் துருக்கியில் இதே வழக்கம் இருப்பதாக டிமோனி என்ற மருத்துவர் எழுதியதைப் படித்தார். பைலரினி என்ற இன்னொருவர் எழுதியதும் கிடைத்தது. 1716இல் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், இது எனக்கு ஏற்கெனவே என் வீட்டு ஆள் சொன்னதுதான், எங்கள் ஊருக்கு மறுபடி பெரியம்மை வந்தால் வைத்தியர்களைக் கூட்டிப் பேசுவேன் என்று எழுதினார்.

இந்த இடம் முக்கியமானது. ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒரே செயல்முறையையும் ஒரே விளைவையும் சொல்கிறார்கள். அச்சில் வந்த இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகின்றன. இது நல்ல சாட்சியம். சேலத்தில் கனவையும் ஆவியையும் சாட்சியாக எடுத்துக்கொண்ட நீதிமன்றத்துக்கு வக்காலத்து வாங்கிய அதே மனிதர் இங்கே சாட்சியத்தைச் சரியாகச் சலித்திருக்கிறார்.

அம்மை குத்துதல் என்று நம் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் பின்னால் வந்த தடுப்பூசியை, அதாவது 1796இல் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தொடங்கியதை. 1721இல் குத்தியது நிஜப் பெரியம்மை. தோல் வழியாகப் போவதால் பெரும்பாலும் நோய் லேசாக வந்து போகும், ஆயுள் முழுக்க எதிர்ப்பு கிடைக்கும். ஆனால் குத்திக்கொண்டவர் சில வாரங்கள் முழு நோயாளிதான். அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றினால், அந்த அடுத்தவருக்கு வருவது லேசான நோயாக இருக்காது. பின்னால் நடந்த சண்டையில் பாதி இதைச் சுற்றித்தான்.

முதல் முடிவு: ஜூன் 26

ஜூன் 6 அன்று மேதர் ஊர் வைத்தியர்களுக்கு எழுதினார். எல்லோரும் கூடிப் பேசுங்கள் என்பதுதான் கோரிக்கை. யாரும் கூடவில்லை. பிறகு ஜூன் 24 அன்று ஸப்டியல் பாயில்ஸ்டன் என்பவருக்குத் தனியாக எழுதினார்.

பாயில்ஸ்டன் பட்டம் பெற்றவர் அல்ல. தகப்பனாரிடம் தொழில் கற்ற அறுவை வைத்தியர், மருந்துக் கடையும் வைத்திருந்தார். மூத்திரப் பையில் கல் எடுப்பதுபோல் மற்றவர்கள் தயங்கும் வேலைகளை எடுத்துச் செய்கிறவர். 1702இல் அம்மை வந்து பிழைத்தவர், ஆகவே அவருக்குத் தொற்று பயமில்லை. ஆனால் நாள்தோறும் நோயாளிகளைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர், வீட்டில் எதிர்ப்பு இல்லாத பிள்ளைகள். எப்படியும் நோய் வீட்டுக்குள் வரத்தான் போகிறது என்பது அவருடைய கணக்கு.

ஜூன் 26 அன்று மூன்று பேருக்குக் குத்தினார். அவருடைய ஆறு வயது மகன், அவர் வீட்டில் அடிமையாக இருந்த 36 வயது ஆண், அந்த ஆளின் இரண்டரை வயதுப் பிள்ளை. ஒரு வாரத்தில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறியது. மகனைப் பார்த்து அவரே கலங்கிப்போனார். பிறகு கொஞ்சம் கொப்புளம் கண்டு இறங்கிவிட்டது. மூவரும் பிழைத்தார்கள்.

தன் பிள்ளைக்கே முதலில் செய்தார் என்பதைப் பல நூல்கள் தைரியம் என்று மெச்சுகின்றன. அது தைரியம்தான். அடுத்த இருவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அல்ல என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும். அந்தத் தகப்பனிடம் யாரும் கேட்டதாகப் பதிவு இல்லை.

அனுமதி கேட்காமல் செய்ததற்கு அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அதே நேரம், நெரிசலான ஊரின் நடுவில், தன் வீட்டிலேயே, தெரிந்தே மூன்று புதிய அம்மை நோயாளிகளை உண்டாக்கினார். அக்கம்பக்கத்தவருக்குச் சொல்லவில்லை. ஜூலையில் வெடித்த கோபத்துக்கு இதுதான் முதல் காரணம்.

ஊரின் முடிவு: ஜூலை

ஜூலை நடுவில் பாயில்ஸ்டன் நடந்ததைப் பத்திரிகையில் அறிவித்தார். தெருவில் ஏச்சும் மிரட்டலும் கிளம்பின. ஜூலை 21 அன்று ஊராட்சிக் குழு அவரை அழைத்து விசாரித்தது. கூட இருந்த வைத்தியர்களில் ஒரு பிரெஞ்சுக்காரர், இத்தாலியில் போர்வீரர்கள் சிலருக்கு இப்படிக் குத்தி அதில் நால்வர் இறந்ததைத் தாமே பார்த்ததாக உறுதிமொழி கொடுத்தார். குத்தக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. பாயில்ஸ்டன் நிறுத்தவில்லை. வந்து பாருங்கள், என் நோயாளிகளை நேரில் பாருங்கள் என்று மற்ற வைத்தியர்களை அழைத்தார். பெரும்பாலோர் போகவில்லை.

எதிர்ப்பின் தலைவர் வில்லியம் டக்ளஸ். ஸ்காட்லாந்துக்காரர். அன்றைய பாஸ்டனில் முறையான மருத்துவப் பட்டம் வைத்திருந்த ஒரே ஆள். வேடிக்கை என்னவென்றால், மேதர் படித்த ராயல் சொசைட்டி வெளியீடு டக்ளஸ் இரவல் கொடுத்தது. தன் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, தன்னைத் தாண்டிப் போய், பட்டமில்லாத ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார் போதகர் என்ற எரிச்சல் அவருக்கு. இரவல் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

டக்ளஸின் வாதங்களைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகை. முதல் வகை: இதற்கு முன் இங்கே யாரும் சோதித்ததில்லை, ஆபத்து எவ்வளவு என்று தெரியாது, குத்திக்கொண்டவர் ஊருக்கு நோய் பரப்புவார், தெரிந்தே தொற்றைப் பரப்பி அதனால் ஒருவர் செத்தால் அது கொலைக்கு ஒப்பு. இவற்றில் எதையும் இன்றைக்கும் தள்ள முடியாது. இரண்டாம் வகை: ஆப்பிரிக்கர் சொல்வதையெல்லாம் சாட்சியம் என்பதா, அவர்கள் பொய்யர்கள். இது வெறும் இழிவுரை. எதிரணியின் நல்ல வாதம் இந்த இரண்டாவதோடு பின்னிக் கிடந்ததால், மேதர் தரப்பு முதலாவதற்கும் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டது.

ஜூலை 31 அன்று ஆறு போதகர்கள் கையெழுத்திட்டுப் பாயில்ஸ்டனுக்கு ஆதரவாகக் கடிதம் வெளியிட்டார்கள். காட்டன் மேதரும், அவருடைய 82 வயதுத் தகப்பனார் இன்க்ரீஸ் மேதரும் அதில் உண்டு. கடவுள் அனுப்பும் நோயை மனிதன் வலிய வரவழைப்பது பாவம் என்று எதிர்த்தரப்பு சொன்னது, கடவுள் காட்டிய மருந்தை மறுப்பதுதான் பாவம் என்று போதகர்கள் சொன்னார்கள். மதவாதிகள் புதுச் சிகிச்சையின் பக்கம், பட்டம் பெற்ற மருத்துவர் எதிர்ப்பக்கம். அறிவியலுக்கும் மதத்துக்கும் சண்டை என்ற வழக்கமான சட்டகத்தில் இந்தக் கதை உட்காராது.

ஆனால் போதகர்கள் செய்ததில் ஒரு தவறு இருந்தது. ஊராட்சிக் குழு வேண்டாம் என்று சொன்ன பத்தாம் நாள், தங்கள் அங்கியின் கௌரவத்தை அடமானம் வைத்து வேண்டும் என்றார்கள். அதிலிருந்து சண்டை அம்மையை விட்டு விலகி, இந்த ஊரை நடத்துவது போதகரா என்பதாக மாறிவிட்டது.

ஆகஸ்ட்: ஒரு பத்திரிகை பிறக்கிறது

ஆகஸ்ட் 7 அன்று ஜேம்ஸ் பிராங்கிளின் என்ற அச்சுக்காரர் நியூ இங்கிலாந்து கூரன்ட் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஊரில் ஏற்கெனவே இரண்டு பத்திரிகைகள் இருந்தன. இரண்டும் ஆட்சியாளர் மனம் நோகாமல் கப்பல் செய்தியும் லண்டன் செய்தியும் போடுகிறவை. கூரன்ட் ஆட்சியாளரிடம் அனுமதி கேட்கவில்லை. முதல் இதழிலேயே அம்மை குத்துவதைத் தாக்கியது. டக்ளஸும் அவருடைய நண்பர்களும் அதில் எழுதினார்கள், பெரும்பாலும் புனைபெயரில், பெரும்பாலும் நையாண்டியில். அந்த அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டு, அச்சான தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த 15 வயதுத் தம்பி பெஞ்சமின் பிராங்கிளின்.

காலனியின் போதகர்களை அச்சில், வாராவாரம், பெயர் தெரியாத ஆட்கள் கிண்டல் செய்வது அந்த ஊர் அதுவரை கண்டிராதது. மேதர் தெருவில் ஜேம்ஸைக் கண்ட இடத்தில் திட்டினார், ஜேம்ஸ் அதையும் பத்திரிகையில் போட்டார். மருத்துவ விஷயத்தில் கூரன்ட் தவறான பக்கத்தில் நின்றது. அமெரிக்கப் பத்திரிகைச் சுதந்திரத்தின் கதையை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இரண்டும் உண்மை.

அதே ஆகஸ்டில் மேதருக்குச் சொந்த வீட்டில் சோதனை வந்தது. ஹார்வர்டில் படித்த மகன் சாமுவேல் வீட்டுக்கு வந்தான். அவனோடு அறையில் தங்கியிருந்த மாணவன் அம்மையில் இறந்துபோனான். பையன் தனக்குக் குத்தச் சொல்லிக் கெஞ்சினான். ஊருக்கெல்லாம் சொன்ன மேதர் இங்கே தயங்கினார். மகன் இறந்தால் ஊர் என்ன சொல்லும், குத்தாமல் விட்டு இறந்தால் தன் மனசாட்சி என்ன சொல்லும். கடைசியில் தாத்தாவின் ஆலோசனைப்படி ரகசியமாகக் குத்தினார்கள். கடும் காய்ச்சல் கண்டு, பிழைத்தான்.

இந்த ரகசியத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஊரார் பயப்படக் கூடாது என்று எழுதியவர் தன் வீட்டில் மறைத்துச் செய்தார். காரணம் புரிகிறது. ஆனாலும் மறைத்தார்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை

செப்டம்பரில் சாவு மணி ஓயாமல் அடித்தது. நோயாளிகள் கேட்டு மனம் உடைகிறார்கள் என்று மணி அடிக்கும் நேரத்தைக் குறைக்க ஊராட்சிக் குழு உத்தரவு போட்டது. அக்டோபரில் மட்டும் 411 பேர் இறந்தார்கள். அந்த நிலையில் பாயில்ஸ்டனிடம் வருகிறவர் எண்ணிக்கை கூடியது. திட்டியவர் வீட்டிலிருந்தும் வந்தார்கள். ராக்ஸ்பரி, சார்ல்ஸ்டவுன் ஆகிய பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் ஊர்க்கூட்டம் கூடி, குத்திக்கொள்ள வெளியூரிலிருந்து வருபவர்களை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தது. பாஸ்டனில் நோய் தணியத் தொடங்கிய நேரத்தில் புதிய நோயாளிகள் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்ற கவலை அது. என் பார்வையில், அந்த ஆண்டு ஊராட்சி எடுத்த தெளிவான முடிவுகளில் ஒன்று.

நவம்பர் 14 விடியற்காலை மூன்று மணிக்கு மேதர் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு வெடிகுண்டு உள்ளே விழுந்தது. அந்த அறையில் படுத்திருந்தவர் மேதரின் உறவினரான இளம் போதகர், குத்திக்கொண்டு குணமாகிக்கொண்டிருந்தவர். ஜன்னல் இரும்பில் பட்டதில் திரி கழன்று விழுந்ததால் குண்டு வெடிக்கவில்லை. அதில் ஒரு காகிதம் கட்டியிருந்தது. மேதரை நாய் என்று திட்டி, இதைக் கொண்டு உனக்குக் குத்துகிறேன் என்று எழுதியிருந்தது. எறிந்தவர் அகப்படவில்லை.

கணக்கு

1722 தொடக்கத்தில் நோய் அடங்கியபோது ஊராட்சிக் குழு எடுத்த கணக்கு: இயல்பாக நோய் கண்டவர்கள் ஏறக்குறைய 5,900, இறந்தவர்கள் 844. அதாவது ஏழு பேருக்கு ஒருவர். பாயில்ஸ்டன் குத்தியது 240 பேருக்குச் சற்று மேல், அவர்களில் இறந்தது ஆறு பேர். அதாவது நாற்பது பேருக்கு ஒருவர்.

இந்த ஒப்பீட்டை அப்படியே விழுங்கக் கூடாது. குத்திக்கொள்ள வந்தவர்களில் வசதியுள்ளவர்கள், வீட்டில் கவனிக்க ஆள் உள்ளவர்கள் அதிகம் இருந்திருக்கலாம். இறந்த ஆறு பேரில் சிலருக்குக் குத்துவதற்கு முன்பே நோய் தொற்றியிருந்தது என்று பாயில்ஸ்டன் வாதிட்டார். அது சரியென்றால் உண்மை நிலை அவருக்கு இன்னும் சாதகம். குத்திக்கொண்டவர்களிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றியது, அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கணக்கிலேயே இல்லை. இது பாதகம். இவ்வளவையும் கழித்த பிறகும், ஏழுக்கும் நாற்பதுக்கும் இடையே உள்ள தூரம் பெரியது.

சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் எண்ணி, இறப்பை விகிதமாகப் போட்டு, அதை வைத்து வாதாடியதுதான் இங்கே புதிது. பாயில்ஸ்டன் ஒவ்வொருவரின் வயது, குத்திய நாள், காய்ச்சல், கொப்புளம் எல்லாம் குறித்து வைத்திருந்தார். லண்டனுக்குப் போய் 1726இல் அதை நூலாக்கினார். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதில் ஒனேசிமஸுக்கு எந்தப் பங்கும் கிடைக்கவில்லை. அவர் 1716இலேயே தனக்குப் பதில் இன்னோர் அடிமையை வாங்கப் பணம் கொடுத்து, அரைகுறை விடுதலை பெற்று மேதர் வீட்டைவிட்டுப் போயிருந்தார். கூப்பிட்டால் வந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பிறகு நடந்தவை

1722 மே மாதத்தில் பாயில்ஸ்டன் மறுபடி சிலருக்குக் குத்தத் தொடங்கினார். ஊரில் அப்போது நோய் இல்லை. அதிகாரிகள் தடுத்தார்கள், இனி அனுமதியின்றிச் செய்ய மாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். முந்தைய ஆண்டு அவர் மீறியதற்கும் இந்த ஆண்டு பணிந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: ஊரில் நோய் இருக்கும்போது குத்துவதும் இல்லாதபோது குத்துவதும் ஒன்றல்ல.

அடுத்த கொள்ளைநோய்களில் அந்தப் பாடம் விதியாக மாறியது. 1752இல் பாஸ்டனில் 2,100க்கு மேற்பட்டோர் குத்திக்கொண்டார்கள், இறந்தவர்கள் சுமார் 30. 1764இல் ஊருக்கு வெளியே இதற்கென்றே மருத்துவமனைகள் திறந்தார்கள், ஏழைகளுக்கு இலவசமாகக் குத்தினார்கள். ஏறக்குறைய 5,000 பேர் குத்திக்கொண்டார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் அந்த ஆண்டில் குத்திக்கொண்டவர்களில் ஒருவர். டக்ளஸும் தம் கருத்தை மாற்றிக்கொண்டு பின்னால் இந்த முறையை ஏற்றார்.

விடுதலைப் போரில், 1775 கடைசியில் கனடாவைப் பிடிக்கப் போன அமெரிக்கப் படையைக் கியூபெக் வாசலில் பெரியம்மை சாய்த்தது. படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் இளவயதில் பார்படோஸ் தீவில் அம்மை கண்டு பிழைத்தவர், அந்த நோயை அறிந்தவர். 1777 பிப்ரவரியில் படைவீரர்கள் எல்லோருக்கும் அம்மை குத்த உத்தரவிட்டார். எதிரிக்குத் தெரியாமல், தனியிடங்களில், பகுதி பகுதியாக. 1721இல் மேதர் தரப்பு கேட்ட சிகிச்சையும் டக்ளஸ் தரப்பு கேட்ட கட்டுப்பாடும் அந்த உத்தரவில் ஒன்றாக இருந்தன.

பத்திரிகையின் கதை தனியாக ஓடியது. 1722 ஜூனில், கடற்கொள்ளையர்களைப் பிடிப்பதில் அரசு மெத்தனமாக இருக்கிறது என்று குத்தலாக எழுதியதற்காக ஜேம்ஸ் பிராங்கிளினை ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1723இல் முன் தணிக்கையின்றி அவர் எதையும் அச்சிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பத்திரிகை தம்பியின் பெயரில் வெளிவந்தது. ஜேம்ஸ் மீது குற்றம் சாட்ட நடுவர் குழு மறுத்துவிட்டது. அந்தத் தம்பி அதே ஆண்டில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார்.

மாற்றியிருக்க வேண்டியவை

ஜூன் 6ஆம் தேதிக் கடிதத்துக்கு வைத்தியர்கள் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது முதல் கேள்வி. டக்ளஸுக்குப் படிப்பு இருந்தது, பாயில்ஸ்டனுக்குக் கை இருந்தது, மேதரிடம் சாட்சியம் இருந்தது. மூவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை. மேதர் முதலில் டக்ளஸ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அவருடைய புத்தகம்தானே.

ஸ்பெக்டகிள் தீவு அங்கேயே இருந்தது. முதல் மூவரை அங்கே வைத்துக் குத்தியிருந்தால் எதிர்ப்பின் கூர்மை பாதி மழுங்கியிருக்கும். தனிமைப்படுத்தலும் குத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று இரண்டு தரப்பும் நினைத்துக்கொண்டதுதான் அந்த ஆண்டின் பெரிய பிழை. ஊருக்கு அது விளங்க நாற்பது ஆண்டுகள் ஆனது.

ஊராட்சிக் குழுவைப் பொறுத்தவரை, ஜூலையில் தடை போட்டார்கள், ஆனால் அமல்படுத்தவில்லை. பாயில்ஸ்டனைப் பிடித்து உள்ளே வைக்கவும் இல்லை, இந்த இடத்தில் இந்த நிபந்தனையோடு செய் என்று வழி காட்டவும் இல்லை. தடையும் இல்லை, அனுமதியும் இல்லை என்ற அந்த இடைவெளியில்தான் குண்டு எறிபவர்கள் புகுந்தார்கள். குற்றம் சாட்டப்பட வேண்டியவர்கள் அவர்கள் மட்டுமல்ல.

ஆப்பிரிக்கர்களின் சாட்சியத்தை மேதர் நம்பினார், அச்சில் அவர்களுடைய கொச்சை மொழியைப் பரிகாசமாகவும் எடுத்துக்காட்டினார். அவர்களில் ஒருவரையாவது விசாரணைக்கு அழைத்துத் தழும்பைக் காட்டச் சொல்லியிருந்தால், இத்தாலியில் பார்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரரின் உறுதிமொழிக்கு எதிரே வைக்க ஒரு நேரடிச் சாட்சி இருந்திருக்கும். அந்த ஊரில் அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியாவில் அச்சுக்காரராக நிலைபெற்ற பிறகு அம்மை குத்துவதை ஆதரித்து எழுதினார். 1736 நவம்பரில் அவருடைய நான்கு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். குத்தியதால்தான் இறந்தான் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. தன் பத்திரிகையில் பிராங்கிளின் மறுப்பு எழுதினார்: பிள்ளைக்குக் குத்தவே இல்லை, வயிற்றுப்போக்கு நிற்கட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தோம், அதற்குள் நோய் வந்துவிட்டது.